பீச்சிக் களைந்த பாலும் பீச்சிக் காக்கும் பாலும்: இந்தியாவில் முதற்பாலின் வரலாறு

கருவுற்ற பெண்ணின் மார்பில் குழந்தை பிறப்பதற்குப் பல வாரங்களுக்கு முன்பே பால் ஊறத் தொடங்குகிறது. அளவிற் சிறிது, நிறத்தில் மஞ்சள், தொட்டால் பிசுபிசுப்பது. இதனைப் பேற்றுக்கு முந்தைய கடைசி வாரங்களிலேயே கையாற் பீச்சிச் சிறு சிரிஞ்சுகளில் நிரப்பி உறைநிலையிற் காத்து, குழந்தை பிறந்ததும் வேண்டுமாயின் புகட்டலாம் என்னும் அறிவுரை கடந்த இருபது ஆண்டுகளில் ஆஸ்திரேலியா, பிரிட்டன் முதலிய நாடுகளின் மகப்பேற்று மனைகளில் வழங்கி வருகிறது. நீரிழிவுள்ள தாய்மார்க்கே இது பெரிதும் சொல்லப்படுகிறது. இந்தியாவிலும் பாலூட்டல் ஆலோசகர்கள் இதைப் பேசத் தொடங்கியுள்ளனர்.

இந்திய மகப்பேற்று வரலாற்றைப் பயில்வோர்க்கு இச்செய்தியில் கருதத்தக்க ஒரு முரண் உண்டு. முதற்பாலைக் கையாற் பீச்சுதல் இந்நாட்டிற்குப் புதிதன்று. இந்தியப் பெண்களில் மிகப் பலர் அண்மைக்காலம் வரை அதனைச் செய்தே வந்தனர். ஆயின் பீச்சியதை மண்ணில் ஊற்றினர். கையின் தொழில் ஒன்றே. அதன் நோக்கம் முற்றிலும் மாறியிருக்கிறது. களைதற்குரியது எனக் கருதப்பட்ட பொருள் காத்தற்குரியதாக மாறிய வழியை நூற்சான்று, சொற்சான்று, கணக்கெடுப்பு ஆகியவற்றின் துணையால் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். முதற்பால் தீயது என்று பண்டைய இந்தியர் ஒருமனதாகக் கருதினர் என்றும், தாய்மாரின் அறியாமையே அதற்குக் காரணம் என்றும் பொதுவாகச் சொல்லப்படும் கூற்று சான்றுகளோடு பொருந்துகிறதா என்பதும் உடன் ஆராயப்படும்.

பெயரும் பெயரின்மையும்

ஆவும் எருமையும் ஈன்ற முதற்சில நாள்களில் தரும் பாலுக்கு இந்திய மொழிகள் அனைத்திலும் தனிப்பெயர் உண்டு என்று சொல்லத்தக்க அளவிற் சொற்கள் கிடைக்கின்றன. தமிழில் சீம்பால், கடும்பு, தெலுங்கில் ஜுன்னு, முர்ரு, கன்னடத்தில் கிண்ணு, மராத்தியில் சீக், இந்தியில் கீஸ், பேவசீ. இவற்றுட் பல பாலைக் குறிப்பதோடு அதனை வேகவைத்துச் செய்யும் பண்டத்தையும் குறிக்கும். மராத்தியில் அப்பண்டத்திற்குக் கர்வஸ் என்னும் வேறு பெயரும் உண்டு. வெல்லமும் ஏலமும் சேர்த்து ஆவியில் அவித்தெடுக்கும் இத்தின்பண்டம் மாடுடைய வீட்டார் அண்டை அயலார்க்குப் பகிர்ந்தளிக்கும் சிறப்புணவாகும்.

வடமொழியிற் பீயூஷம் என்னும் சொல் அமரகோசத்தில் புதிய பால் என்னும் பொருளிற் சுட்டப்படுகிறது. அதே சொல் அமுதத்திற்கும் பெயராக வழங்குகிறது. இந்திப் பேவசீயும் இதன் வழிவந்ததே. ஒரே சொல் கறவையின் முதற்பாலையும் தேவர் உணவையும் குறித்தது தற்செயலாகாது.

தாயின் முதற்பாலுக்கோ இத்தகைய தனிப்பெயரைக் காண்பது அரிது. தாய்ப்பால் இயக்கங்கள் மக்கள் மொழியிற் பேச முற்பட்டபோது இந்த இடைவெளி வெளிப்பட்டது. தமிழிற் சீம்பால், தெலுங்கில் முர்ருபாலு எனக் கறவையின் சொற்களே பெண்ணுக்கும் எடுத்தாளப்பட்டன. இந்தி விளம்பரங்கள் 'முதல் கெட்டியான மஞ்சள் பால்' என விளக்கத் தொடரையே பெயராகக் கொண்டன. கன்றுக்கு உரியதெனப் பெயரிடப்பட்ட பொருள், குழவிக்கு உரியதெனப் பெயரிடப்படவில்லை. பெயரில்லாத பொருளைக் களைவது எளிது. இக்கருத்தை மருத்துவ நூல்களோடு ஒட்டி நோக்கினால் ஒரு தெளிவு பிறக்கிறது.

நூல்கள் சொல்வன

பழைய சான்று பிருகதாரண்யக உபநிடதத்தில் உள்ளது. உணவின் வகைகளைப் பேசும் பகுதியில், பிறந்த குழந்தைக்கு முதலில் நெய்யை நக்கக் கொடுப்பர் அல்லது முலையூட்டுவர் என்றும், புதிதாய்ப் பிறந்த கன்றைப் புல் தின்னாதது என்பர் என்றும் ஒரு குறிப்பு வருகிறது. சடங்கை வகுக்கும் நோக்கம் இவ்விடத்தில் இல்லை. நாள்தோறும் காணும் நடைமுறையை உவமை போல் எடுத்துக்காட்டுவதே நோக்கம். ஆதலின் சான்றின் மதிப்பு கூடுகிறது. நெய்யும் முலைப்பாலும் இரண்டும் பிறந்தவுடன் வழங்கின என்பதை இது காட்டுகிறது. அந்நூலின் இறுதிப் பகுதியில் வரும் பிறப்புச் சடங்கிலும் தயிர், தேன், நெய் ஆகியவற்றைப் பொன்கொண்டு ஊட்டியபின் குழந்தையைத் தாயிடம் தந்து முலையூட்டச் செய்தல் கூறப்படுகிறது. நாள் கடத்துதல் பற்றிய பேச்சே இல்லை.

சரக சம்ஹிதையின் உடலியற் பகுதியும் இவ்வழியையே பின்பற்றுகிறது. மந்திரித்த தேனையும் நெய்யையும் முதலில் தந்து, அடுத்து வலப்பக்க முலையைக் கொடுக்க வேண்டும் என்கிறது.

சுச்ருத சம்ஹிதையில் நிலை மாறுகிறது. பெண்ணின் இதயத்தைச் சார்ந்த நாளங்கள் திறந்து, மூன்று அல்லது நான்கு இரவுகள் கழிந்த பின்னரே பால் பெருகும் என்பது அந்நூலின் கொள்கை. அதனால் முதல் நாள் தேனும் நெய்யும் பொன்னோடு கலந்து மூன்று வேளையும், அடுத்த இரு நாள்களில் இலக்குமணை என்னும் மூலிகையிற் காய்ச்சிய நெய்யும் தந்து, அதன்பின் முலையூட்டலாம் என வகுக்கிறது. வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயமும் இதையே சிறிய மாற்றங்களோடு பின்பற்றுகிறது. பிற்காலத்தில் ஆயுர்வேதம் முதற்பாலை விலக்கியது எனச் சொல்வோர் ஆதாரமாகக் காட்டுவது இப்பகுதிகளையே.

இங்கு நிதானித்துப் படிக்க வேண்டும். பேற்றுக்குப் பின் பால் பெருகுவதற்குச் சுச்ருதர் தரும் கால அளவு இன்றைய உடலியலோடு ஏறத்தாழ ஒத்துள்ளது. பால் சுரத்தல் இருகட்டங்களாக நிகழ்கிறது. முதற்கட்டம் கருவுற்ற பதினாறாம் வாரத்தை ஒட்டித் தொடங்குவது. முதற்பால் அப்போதே சிறிது சிறிதாக உண்டாகிறது. பேற்றின்போது நஞ்சுக்கொடி வெளியேறியதும் புரோஜெஸ்டரோன் என்னும் இயக்குநீர் தாழ்கிறது. அதன் விளைவாக இரண்டு மூன்று நாள்களில் மார்பு நிறைந்து பால் பெருகுவது இரண்டாம் கட்டம். சுச்ருதர் கண்டு எழுதியது இந்த இரண்டாம் கட்டத்தை. அவர் கண்ட காட்சியிற் பிழையில்லை. அதற்கு முன் ஊறியதைப் பால் என்னும் கணக்கிற் சேர்க்கவில்லை. அந்நூலின் அப்பகுதி முதற்பாலை நஞ்சென்று பழிக்கவில்லை. பால் இன்னும் வரவில்லை என்று கருதியதால் இடைக்காலத்திற்கு வேறு உணவை வகுத்தது. பெயரின்மை என மேலே சுட்டியது இவ்விடத்தில் மருத்துவக் கோட்பாட்டு வடிவிலும் காணப்படுகிறது.

பீச்சுதல் பற்றிய குறிப்பும் அதே நூலில் உண்டு. செவிலியை அமர்த்திக் குழந்தைக்கு முதன்முறை முலையூட்டுகையில், வல முலையைக் கழுவி, சிறிது பாலைப் பீச்சி வெளியேற்றி, மந்திரித்த பின்னரே ஊட்ட வேண்டும் என்கிறது. காரணமும் சொல்கிறது: பீச்சாமல் ஊட்டினால், மிகுதியாய் நிறைந்து இறுகிய முலையிலிருந்து பாயும் பாலாற் குழந்தைக்கு இருமலும் இரைப்பும் வாந்தியும் உண்டாகும். பாலின் தூய்மை இக்காரணத்தில் இடம்பெறவில்லை. அதன் வேகமே கருதப்பட்டது. பீச்சுதல் ஊட்டலுக்கான ஆயத்தமாக இருந்ததே அன்றி, ஒரு வகைப் பாலை முழுதும் களைவதாக இல்லை.

அவ்வாறெனின் தீட்டு என்னும் கருத்து எங்கிருந்து வந்தது? அறநூல்களை நோக்க வேண்டும். ஈன்று பத்து நாள் கழியாத ஆவின் பாலை உண்ணலாகாது எனக் கௌதம தர்மசூத்திரமும் மனுஸ்மிருதியும் விலக்குகின்றன. மனு பசுவின் சீம்பாலைப் பெயர் சுட்டியே தடுக்கப்பட்ட உணவுகளுள் அடக்குகிறார். பத்து நாள் என்னும் எண் கருதத்தக்கது. பிள்ளை பெற்ற வீட்டிற்குப் பல மரபுகள் விதித்த தீட்டின் கால அளவும் அதுவே. உடலியலோடு தொடர்பற்ற ஒரு கால அளவு ஆவுக்கும் பெண்ணுக்கும் ஒருசேர விதிக்கப்பட்டது. ஊர்மக்கள் ஆவைப் பொறுத்து இவ்விதியைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை என்பதற்குக் கர்வஸும் ஜுன்னுவும் சான்று. பெண்ணைப் பொறுத்து அத்தகைய தளர்வு கிட்டவில்லை. முதற்பாலைக் களையும் வழக்கம் மருத்துவ நூலைவிட இத்தீட்டு நினைவோடு நெருங்கியது என்பது என் கருத்து. எழுத்தறிவு பெறாத பல சமூகங்களிலும் இவ்வழக்கம் பரவியிருந்ததை நோக்க, மருத்துவ நூலே அதற்கு மூலம் எனல் பொருந்தாது.

சடங்கில் ஒரு கை

வட இந்தியாவின் பல பகுதிகளில் முலையூட்டத் தொடங்குமுன் கணவனின் உடன்பிறந்தாள் வந்து பிள்ளை பெற்றவளின் மார்பைக் கழுவும் சடங்கு உண்டு. 'சாத்தி துலாயீ' என்பது அதன் பெயர். நாத்தனார்க்கு அதற்கெனப் பணமோ நகையோ துணியோ உரிமையாகத் தர வேண்டும். உத்தரப் பிரதேசத்தின் பிஜ்னோர் மாவட்டத்துச் சிற்றூர்களில் ஆய்வு செய்து பேட்ரிஷியா ஜெஃப்ரி, ரோஜர் ஜெஃப்ரி, ஆண்ட்ரூ லயன் ஆகியோர் 1989இல் வெளியிட்ட நூல், மகப்பேற்றைச் சூழ்ந்த இத்தகைய உறவுக் கடமைகளை விரிவாகப் பேசுகிறது. கழுவுதல், சிறிது பீச்சுதல், அதன்பின் ஊட்டுதல் என்னும் வரிசை சுச்ருதரின் செவிலி விதியை நினைவூட்டுகிறது. ஒன்று மற்றொன்றின் நேர்வழி எனச் சொல்லச் சான்று போதாது. ஒப்புமை மட்டும் சுட்டத்தக்கது. வேற்றூரிலுள்ள நாத்தனார் வரும்வரை குழந்தை தாய்ப்பாலின்றிக் காத்திருக்க நேரும் என்பது நடைமுறை விளைவு.

தமிழகத்துச் 'சேனை' ஊற்றுதலும் இவ்வகையில் வைத்து எண்ணத்தக்கது. குடும்பத்தில் நற்பண்புடையவர் எனக் கருதப்படும் ஒருவர் சர்க்கரை நீரையோ தேனையோ குழந்தையின் நாவில் இடுவர். அவருடைய குணம் குழந்தைக்கும் வாய்க்கும் என்பது நம்பிக்கை. சேனையில் முதலிடம் கொடுப்பவர்க்கே. கொடுக்கும் பொருள் அடுத்ததே. முதற்பால் புறக்கணிக்கப்பட்டதற்கு அதன்மீதான வெறுப்பு மட்டுமே காரணமன்று. முதல் ஊட்டு உறவினரின் உரிமையாகவும் பெருமையாகவும் இருந்தமையும் காரணம். இதைக் கருதாது தாயை மட்டும் குறை கூறும் விளம்பரங்கள் இலக்கைத் தவறவிட்டன. பிள்ளை பெற்ற பெண் அவ்வீட்டில் அந்நேரத்தில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவளல்லள்.

இது இந்தியர்க்கே உரிய பிழை எனவும் கொள்ளலாகாது. இரண்டாம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் சொரானஸ், பேற்றுக்குப் பின் இருபது நாள் வரை தாயின் பால் பெரும்பாலும் நலம் பயவாது என எழுதினார். குழந்தைக்கு உடனே உணவு கிடைக்கட்டும் என்றுதான் இயற்கை பேற்றுக்கு முன்னரே பாலை ஆயத்தம் செய்துள்ளது என வாதிட்ட டமாஸ்டஸ் என்பாரைச் சொரானஸ் கண்டிக்கிறார். மறுக்கப்பட்ட அந்தக் கட்சியே இன்றைய அறிவோடு ஒத்திருப்பது வியப்புக்குரியது. ஐரோப்பாவில் சொரானஸின் கருத்து நெடுங்காலம் நின்றது. வில்லியம் கடோகன் 1748இல் வெளியிட்ட சிறுநூல் குழந்தையை விரைவில் தாயின் மார்பிற் சேர்க்க வலியுறுத்தியபோதுதான் ஆங்கில மருத்துவம் மெல்லத் திரும்பிற்று.

காலனிய மருத்துவம் இந்திய மருத்துவச்சியை நோக்கியபோது தன் பழங்கதையை நினைவிற் கொள்ளவில்லை. டஃபரின் சீமாட்டி நிதி 1885இலும் விக்டோரியா நினைவு உதவித்தொகை நிதி 1903இலும் தோன்றின. பின்னதன் சார்பில் 1918இல் வெளியான அறிக்கை 'தாய்' எனப்பட்ட வட இந்திய மருத்துவச்சியரின் தூய்மையின்மையைப் பட்டியலிட்டது. அதிலிருந்து பகுதிகளை எடுத்தே 1927இல் காதரின் மேயோ தம் 'மதர் இந்தியா' நூலில் இந்தியப் பேற்றறையைத் தீட்டினார். காயமும் தொற்றும் பற்றிய அவ்வறிக்கையின் கவலை உண்மையானதே. ஆயினும் இருண்ட அறையும் அழுக்குக் கையுமே இந்திய மகப்பேற்றின் முழு வரலாறு என்னும் எண்ணம் அதன் வழியே நிலைபெற்றது.

கன்று கற்பித்தது

முதற்பாலின் மதிப்பை அறிவியல் உணர்ந்தது மெதுவாகவே. 1837இல் பாரிசில் அல்ஃபிரட் டோனே நுண்நோக்கியின் வழியே முதற்பாலில் தனித்த உருண்டைத் துகள்களைக் கண்டு விவரித்தார். 1892இல் பால் எர்லிக் சுண்டெலிகளைக் கொண்டு, நோயெதிர்ப்பாற்றல் தாயின் பால்வழிக் குட்டிக்குச் செல்வதை மெய்ப்பித்தார். 1922இல் அமெரிக்காவில் தியோபால்டு ஸ்மித், ரால்ஃப் லிட்டில் இருவரும் செய்த ஆய்வு தெளிவானது: சீம்பால் பெறாத கன்றுகளிற் பெரும்பாலானவை சில நாள்களில் இறந்தன, பெற்றவை பிழைத்தன. மனிதக் குழவிக்கு எதிர்ப்புப் பொருளிற் பெரும்பகுதி கருப்பையிலேயே குருதிவழி வந்துவிடுவதால் கன்றின் நிலை அப்படியே பொருந்தாது. எனினும் குடற்சுவரைக் காக்கும் எதிர்ப்புப் புரதம் முதற்பாலில் மிகுதியாக இருப்பதை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி ஆய்வுகள் நிறுவின. பெயர் கறவையிலிருந்து பெண்ணுக்கு வந்தது போலவே அறிவும் கன்றிலிருந்து குழவிக்கு வந்தது.

இந்தியாவில் இவ்வறிவு கொள்கையாக மாறக் காலம் பிடித்தது. குழந்தைப்பால் மாற்றுணவுகளின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1992இல் இயற்றப்பட்டு 2003இல் திருத்தப்பட்டது. 1998–99இல் நிகழ்ந்த இரண்டாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, ஊட்டுமுன் முதற்பாலைப் பீச்சி வெளியேற்றினீர்களா எனத் தாய்மாரிடம் வினவியது. ஐவரில் மூவர்க்கு மேல் ஆம் என்றனர். பிறந்த ஒரு மணிக்குள் முலையூட்டப்பட்டவை நூற்றுக்குப் பதினாறே. பீச்சிக் களைதல் எங்கோ ஒரு மூலையின் வழக்கமாக இராமல் பெரும்பான்மையோர் வழக்கமாக இருந்தது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

அடுத்த கணக்கெடுப்புகளைத் தொடர்ந்து நோக்கின் வேறொரு செய்தி புலனாகிறது. 2005–06இல் மருத்துவமனைப் பேறு நூற்றுக்கு 38.7, ஒரு மணிக்குள் முலையூட்டல் நான்கில் ஒரு பங்கையும் எட்டவில்லை. 2015–16இல் மருத்துவமனைப் பேறு 78.9 ஆயிற்று, ஒரு மணிக்குள் ஊட்டல் 41.6. 2019–21இல் முன்னது 88.6 ஆக உயர்ந்தும் பின்னது 41.8இல் நின்றுவிட்டது. நாத்தனாரும் மருத்துவச்சியும் இல்லாத இடத்தில், செவிலியரும் மருத்துவரும் சூழ, பத்திற்கு ஆறு குழந்தைகளை ஒட்டி முதல் மணியில் தாய்ப்பால் பெறவில்லை. ஐந்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பேறுகள் அக்காலத்தில் அறுவையால் நிகழ்ந்தன. அறுவைக்குப் பின் தாயையும் சேயையும் பிரித்து வைத்தல் காலந்தாழ்வதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. அறியாமை என்னும் விடை இந்நூற்றாண்டின் எண்களை விளக்கப் போதாது.

பேற்றுக்கு முன் பீச்சுதல்

இப்பின்னணியில் வைத்தே பேற்றுக்கு முன் முதற்பால் சேமித்தலை எடைபோட வேண்டும். இதற்கும் ஒரு முன்வரலாறு உண்டு. லண்டன் உல்விச்சில் பணியாற்றிய ஹெரால்டு வாலர் 1946இல் வெளியிட்ட ஆய்வில், கருவுற்ற பெண்கள் கடைசி வாரங்களில் நாள்தோறும் முதற்பாலைச் சிறிது கையாற் பீச்சிப் பழகினால் பேற்றுக்குப் பின் மார்பு இறுகிக் கட்டுதல் குறையும் என வாதிட்டார். சேமித்தல் அவர் நோக்கமன்று. நாளங்களைத் திறந்துவைத்தலே நோக்கம். சுச்ருதரின் நிறைந்து இறுகிய முலை பற்றிய அச்சத்தை இது ஒருவாறு ஒத்துள்ளது. பின்னர் இப்பழக்கம் அருகிற்று. 2006இல் ஆஸ்திரேலியப் பாலூட்டல் அறிஞர் சூ காக்ஸ் எழுதிய கட்டுரை, பீச்சியதைச் சேமித்துப் பிறந்த குழந்தைக்குத் தரும் முறையைப் பேசிற்று.

காரணம் இது. தாய்க்கு நீரிழிவு இருப்பின், கருப்பையில் மிகுதியான சர்க்கரைக்குப் பழகிய குழந்தையின் உடல் இன்சுலினை மிகுதியாகச் சுரக்கும். கொடி அறுத்ததும் சர்க்கரை வரவு நிற்க, இன்சுலின் மட்டும் எஞ்சி, குருதிச் சர்க்கரை தாழ்ந்துவிடும். உடனே ஏதேனும் புகட்ட வேண்டியிருப்பதால் மாவுப்பால் கொடுக்கப்படும். அவ்வேளையில் தாயின் பாலே சில துளிகள் கையில் இருந்தால் என்ன என்பதே கேள்வி. ஆயின் மார்பைத் தூண்டினால் ஆக்சிடோசின் சுரந்து பேறு முன்கூட்டியே நிகழுமோ என்னும் ஐயம் இருந்தது. மெல்போர்ன் நகரை மையமாகக் கொண்டு நீரிழிவுள்ள 635 பெண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2017இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. முப்பத்தாறாம் வாரம் முதல் நாளைக்கு இருமுறை பீச்சியோர்க்கும் பீச்சாதோர்க்கும் இடையே, குழந்தை தீவிரக் கண்காணிப்பில் சேர்க்கப்பட்ட அளவில் வேறுபாடு காணப்படவில்லை. முதல் ஒருநாளில் தாய்ப்பால் மட்டுமே பெற்ற குழந்தைகள் முன்னவரிடம் சற்றுக் கூடுதல். வேறு சிக்கல் இல்லாத பெண்களே இவ்வாய்வில் சேர்க்கப்பட்டனர் என்பதை மறத்தலாகாது. குறைப்பேற்று அச்சமுள்ளோர்க்கு இம்முடிவை நீட்டல் தகாது.

கிடைக்கும் அளவு சில துளிகள் முதல் சில மில்லிலிட்டர் வரையே. பிறந்த நாளில் குழந்தை ஒருமுறைக்கு அருந்துவதும் சில மில்லிலிட்டரே ஆதலின் அது சிறிதன்று. சிலர்க்கு ஒன்றும் வாராது. அதனாற் பேற்றுக்குப் பின் பால் குறையும் எனக் கொள்ள வேண்டியதில்லை. இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. முன்பு களையாத தாயை ஊர் பழித்தது; நாளை சேமிக்காத தாயை மருத்துவமனை பழிக்கலாகாது. தேவை உள்ளவர்க்கு உரிய முறை எல்லார்க்கும் உரிய கடமையாக மாற்றப்படுதல் மகப்பேற்று வரலாற்றிற் பலமுறை நிகழ்ந்ததே. அறுவைப் பேற்றின் பின் குழந்தையைத் தாயின் மார்பிற் சேர்ப்பிக்க வேண்டிய பொறுப்பு மருத்துவமனையுடையது. உறைபெட்டியில் சில சிரிஞ்சுகள் இருப்பது அப்பொறுப்பைக் குறைக்காது. தடையற்ற மின்சாரமும் உறைபெட்டியும் இல்லாத வீடுகளில் இம்முறை எவ்வளவு செல்லும் என்பதும் எண்ணத்தக்கது.

பிறர்க்காகப் பாலைக் காக்கும் முயற்சியில் இந்தியா பின்தங்கியதன்று. மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் முயற்சியால் 1989இல் தொடங்கிய தாய்ப்பால் வங்கி ஆசியாவிலேயே முதலாவது. குறைமாதக் குழந்தைகளின் உயிர்காக்க, தாய்மார் பீச்சித் தந்த பாலைச் சூடாக்கித் தூய்மைப்படுத்தி அங்கு உறையவைத்தனர். மண்ணில் ஊற்றிய கை குப்பியில் ஊற்றப் பழகியது அத்தகைய இடங்களில்தான். நடுவணரசு 2017இல் வெளியிட்ட பாலூட்டல் மேலாண்மை மைய நெறிமுறைகள் இதன் தொடர்ச்சியே.

இப்புது நடைமுறைக்குத் தமிழில் இன்னும் நிலைத்த பெயர் இல்லை. 'பேற்றுமுன் பால் பீச்சுதல்' என்பது பொருந்தும் எனத் தோன்றுகிறது. எடுத்தல், சேகரித்தல் என்னும் பொதுச்சொற்களைவிடப் பீச்சுதல் கையின் தொழிலை நேராகச் சுட்டுவது. கறவைக்கும் தாய்க்கும் ஒருங்கே வழங்குவது. சீம்பால் எனும் சொல்லைத் தாய்க்கு எடுத்தாண்டபோது அது மாட்டுச்சொல் என மகளிர் சிலர் கூசியிருக்கக்கூடும். இன்று அரசுச் சுவரொட்டிகளிலும் செவிலியர் பேச்சிலும் அச்சொல்லின் முதற்பொருளே தாயின் பால் என்றாகி வருகிறது. இம்மாற்றத்தை அகராதிகள் பதிவு செய்தல் வேண்டும்.